தானே பிடிக்கும் பிரேக்

கேள்வி: கார்வெட் மாதிரியான ஸ்போர்ட்ஸ் கார்களில், ஓட்டுபவர் பெடலில் காலே வைக்காதபோதும் ஒரு சக்கரம் மட்டும் பிரேக் பிடிக்குமாமே! இது எங்கிருந்து வந்த ஏற்பாடு?

பதில்: முதல் விதை விமானத்தில் விழுந்தது. ஈரமான ஓடுபாதையில் சக்கரம் இறுகி வழுக்காமலிருக்க, 1950களில் பிரிட்டனின் டன்லப் நிறுவனம் ‘மேக்ஸாரெட்’ கருவியைக் கொண்டுவந்தது. 1966-ல் அது ஜென்சன் எஃப்.எஃப். காரில் ஏறியது. 1978-ல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸில், பாஷ் தயாரித்த மின்னணு ஏ.பி.எஸ். வந்தது. ஆனால், அழுத்திய பிரேக்கை விட்டுவிட்டுப் பிடிப்பதுதான் ஏ.பி.எஸ்ஸின் வேலை. சறுக்கும் காரை நேர்ப்படுத்த, வேண்டிய சக்கரத்தில் மட்டும் தானே பிரேக் பிடிக்கும் இ.எஸ்.பி., 1995-ல் மெர்சிடிஸ் எஸ் 600 கூபேயில் அறிமுகமானது. இதிலும் கூட்டாளி பாஷ்தான்.

விலை உயர்ந்த காரோடு நின்றிருக்க வேண்டியது, 1997 அக்டோபரில் ஊரறிந்த விஷயமானது. ஸ்வீடனில் ஒரு பத்திரிகை நடத்திய சோதனையில், சட்டென்று ஒடித்துத் திருப்பிய மெர்சிடிஸ் ஏ கிளாஸ் கவிழ்ந்தது. அதன்பின் அந்தச் சின்னக் காருக்கும் இ.எஸ்.பி. கட்டாய அங்கமாயிற்று. ஆடி டி.டி. ஸ்போர்ட்ஸ் காரும் அதிவேக விபத்துகளுக்குப் பிறகே இ.எஸ்.பி.யும் பின்புற ஸ்பாய்லரும் பெற்றது. கார்வெட்டில் இதன் பெயர் ‘ஆக்டிவ் ஹேண்ட்லிங்’. 1998 மாடலில் விருப்பத் தேர்வு. 2001 முதல் எல்லா கார்வெட்டிலும் உண்டு.

கேள்வி: கார் சறுக்குகிறது என்று கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரிகிறது?

பதில்: அதற்குச் சாலை தெரியாது, சென்சார்கள் சொல்வதுதான் தெரியும். ஓட்டுபவர் எந்தப் பக்கம் போக நினைக்கிறார் என்பதை ஸ்டீயரிங் சென்சார் சொல்லும். கார் உண்மையில் எவ்வளவு திரும்புகிறது என்பதை ‘யா’ சென்சார் சொல்லும். அதற்குள் அதிர்ந்துகொண்டிருக்கும் ஒரு பாகம், கார் திரும்பும்போது பக்கவாட்டில் விலகும். 1835-ல் பிரெஞ்சு அறிஞர் கோரியோலிஸ் விளக்கிய விசைதான் காரணம். இவற்றோடு நான்கு சக்கரங்களின் வேகமும் சேரும். கார் வளைவில் திரும்ப மறுத்தால் உள்பக்கப் பின்சக்கரத்தில் பிரேக். பின்புறம் வெளியே வீசினால் வெளிப்பக்க முன்சக்கரத்தில் பிரேக்.

கேள்வி: அப்படியானால், நேரான சாலையில் காரணமே இல்லாமல் பிடிப்பது ஏன்?

பதில்: சாட்சிகளில் ஒருவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தம். ஸ்டீயரிங் சென்சார் பழுதாகி, நேராகப் போகும்போதே ‘திருப்புகிறார்’ என்று சொன்னால், ‘கார் திரும்ப மறுக்கிறது’ என்று முடிவுகட்டிக் கம்ப்யூட்டர் பிரேக் போடும். 1997 முதல் 2004 வரை வந்த சி5 கார்வெட்டில் பலரும் சந்தித்த கோளாறு இது. அலைன்மென்ட் பார்த்தபின் ஸ்டீயரிங் சற்றுக் கோணலாக நின்றாலும் இதே கதை.

அடுத்தது வீல் பேரிங். சி5-ல் வேக சென்சார் அதற்குள்ளேயே இருக்கிறது. பேரிங் ஆடினால் சிக்னல் விட்டுவிட்டு வரும். வேகம் குறையக் குறையச் சிக்னலும் தேயும் என்பதால், கார் நிற்கப்போகும் நேரத்தில் ‘சக்கரம் இறுகிவிட்டது’ என்று நம்பி ஏ.பி.எஸ். வேலை செய்யும், பெடல் காலுக்கடியில் துடிக்கும். முன்சக்கரத்துச் சென்சார் ஒயர், ஸ்டீயரிங்கோடு சேர்ந்து வளைந்து வளைந்து உள்ளுக்குள் அறுவதும் உண்டு.

மூன்றாவது டயர். சி5-ல் முன்னால் 17 அங்குலம், பின்னால் 18 அங்குல வீல். இந்தக் கணக்கை மாற்றி வேறு அளவு போட்டால், நான்கு வேகங்களும் ஒத்துப்போகாது.

எனவே, பாகங்களை மாற்றத் தொடங்கும் முன் கோளாறுக் குறியீட்டைப் படிக்க வேண்டும். சி5-ல் ஸ்கேனர் இல்லாமல் டேஷ்போர்டுத் திரையிலேயே அதைப் பார்க்கலாம். பிறகு ஸ்கேனரை மாட்டி, ஒருவர் ஓட்ட இன்னொருவர் திரையைப் பார்க்க வேண்டும். நேராகப் போகும்போது ஸ்டீயரிங் கோணம் பூஜ்யத்தை ஒட்டியும், நான்கு சக்கர வேகங்கள் ஒன்றாகவும், நிற்கும்போது ‘யா’ பூஜ்யமாகவும் இருக்க வேண்டும். எது விலகுகிறதோ, அங்கேதான் கை வைக்க வேண்டும்.

கேள்வி: ஆக்டிவ் ஹேண்ட்லிங்கை அதற்கான பட்டனை அழுத்தி அணைத்துவிட்டால் போதாதா?

பதில்: போதாது. அந்தப் பட்டன் ஏ.பி.எஸ்ஸை அணைப்பதில்லை. ஏ.பி.எஸ். நம்பியிருப்பதும் அதே வீல் சென்சார்களைத்தான். கோளாறு அங்கே இருந்தால், சிக்னலில் நிறுத்தும்போது பெடல் மறுபடி துடிக்கும். கார் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டித்தான் நிற்கும்.