ஏற்ற தரவுத்தளம்

பண்டைத் தமிழ் நூல்கள் பலவற்றைச் செல்லும் நீரும் தின்றழித்தன. எஞ்சிய ஏட்டுச் சுவடிகளை ஊர்தோறும் தேடித் தொகுத்து அச்சேற்றியவருள் தலையாயவர் உ. வே. சாமிநாதையர். அவர் பதிப்பித்த சீவக சிந்தாமணி 1887-ஆம் ஆண்டில் வெளிவந்தது. செய்தி சிறந்ததாயினும், அதனை இட்டுவைக்கும் கலம் ஏற்றதன்றாயின் அழிவு நேரும் என்பது இதனால் விளங்கும். இக்காலத்தில் கணினியில் செய்திகளை முறைப்படுத்திவைக்கும் கலம் தரவுத்தளம் எனப்படும்.

நெமிலிச்சேரி மாணவர் சிலர், ஒரு படிப்பகத்தின் நூற்பட்டியலை இணையத்தில் அமைக்க விரும்புகின்றனர் எனக் கொள்வோம். நூல்கள் 2,000, உறுப்பினர் 300 பேர். விலைகொடுக்கப் பொருளில்லை. அவர்கள் எதனைத் தேர்ந்தெடுத்தல் தகும்?

விலையின்றிக் கிடைப்பவற்றுள் மூன்று புகழ்பெற்றவை. எஸ்.கியூ.லைட் என்பது ரிச்சர்ட் ஹிப் என்பவரால் 2000-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. அதன் செய்தியனைத்தும் ஒரே கோப்பில் அடங்கும். அதனைப் பேணத் தனி வழங்கி நிரல் வேண்டுவதில்லை. ஒரே வேளையில் பலர் படிக்கலாம், எழுதுவோர் ஒருவரே. போஸ்ட்கிரெஸ் என்பது 1986-இல் அமெரிக்க நாட்டுப் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய முயற்சியின் வழிவந்தது. மரியாடிபி மூன்றாவது. இவ்விரண்டும் பலர் ஒருங்கே எழுதுவதற்கு ஏற்றவை. ஆயின் தனி நிரலை நிறுவி இடையறாது பேணுதல் வேண்டும்.

படிப்பகத்தில் நூல் வழங்கலைப் பதிபவர் நூலகர் ஒருவரே. பிறர் பட்டியலைப் பார்ப்பவர். ஆதலின் எஸ்.கியூ.லைட்டே அமையும். பல ஊர்ப் படிப்பகங்கள் ஒன்றுகூடி, ஒரே வேளையில் பலர் பதியும் நிலை வருமாயின், ஏனைய இரண்டனுள் ஒன்றை நாடலாம். சிறு தோட்டத்திற்குக் கவலை ஏற்றம் எதற்கு?

மற்றொன்றும் கருதத்தக்கது. விலையின்மை வேறு, கட்டின்மை வேறு. 1995-இல் தோன்றிய மைஎஸ்.கியூ.எல். என்னும் தளம், 2008-இல் சன் நிறுவனத்தையும், 2010-இல் ஆரக்கிள் நிறுவனத்தையும் சென்றடைந்தது. அதன் மூலநிரல் கட்டற்ற உரிமம் உடையதாதலின், அதனை ஆக்கியோருள் ஒருவரான மைக்கேல் விடேனியஸ் 2009-இல் அதனின்று மரியாடிபியைக் கிளைக்கச் செய்தார். விக்கிப்பீடியா 2013-இல் இக்கிளைக்கு மாறியது. தமிழ் விக்கிப்பீடியாவின் கட்டுரைகளும் உடன்சென்றன. உரிமையாளர் மாறினும் செய்தி சிறைப்படவில்லை. விலையில்லாததாயினும் வெளியேறும் வழியற்ற களத்தில் செய்தியை இடுதல், திறவுகோலைப் பிறர் கையில் கொடுத்துப் பெட்டியைப் பூட்டுதல் போலாம்.

விலையின்றி இடந்தரும் வழங்கிகள் சில, மீளத் தொடங்குங்கால் கோப்புகளைத் துடைத்துவிடும். ஆதலின் கோப்பு நிலைத்திருக்குமா என்பதை முன்னரே உசாவி அறிதல் வேண்டும். நாள்தோறும் ஒரு படியெடுத்து வேறிடத்தில் வைத்தலும் இன்றியமையாதது. எழுதும் வேலை நிகழாத பொழுதில் அதனை எடுத்தல் நன்று. எடுத்த படியை ஒருமுறை திறந்து பார்த்தல் அதனினும் நன்று. படியெடுத்துப் பேணியோர் இருந்தமையாலன்றோ சிந்தாமணி நம் கைக்கு எட்டியது!