பேரிங் உட்கார்ந்த சத்தம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அக்கா நேற்று போனில் எல்லாம் சொன்னாள். ஸ்ரீபெரும்புதூரில் வேலை போய், நீ உடுமலைக்கு வந்து ஒரு மாதமாகிறதாம். பெரியப்பா வீட்டுக் கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லையாம். "இப்போ எங்கே வேலை?" என்று நாலு பேர் கேட்பார்களே என்ற பயம் எனக்குப் புரிகிறது. 31 வயதில் நானும் வாசல் பக்கமே தலைகாட்டாமல் கிடந்தவன்தான்.

நான் ஃபிட்டராக இருந்த ஸ்பின்னிங் மில்லை மூடியபோது, ஒன்பது வருஷத் தொழிலும் கையை விட்டுப் போனமாதிரி இருந்தது. மூன்று மாதம் கழித்து, கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறையில் பாதிச் சம்பளத்துக்குச் சேர்ந்தேன். பம்ப்செட் மோட்டாருக்கு ஷாஃப்ட் கடையும் வேலை. 6206 பேரிங் உட்காரும் இடம், 30 மில்லி. முதல் ஜாப்பிலேயே மயிரிழை கூடுதலாக வெட்டிவிட்டேன். பேரிங் லொடலொடவென்று ஆடியது. முதலாளி ஒன்றும் சொல்லாமல் அடுத்த ராடை எடுத்துக் கொடுத்தார். மைக்ரோமீட்டர் பிடித்த கை நடுங்கியது. மூன்றாவது ஷாஃப்டில் பைப்பை வைத்துத் தட்டினேன், கெட்டியாகப் போய் உட்கார்ந்தது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அன்று சாயங்காலம்தான் உன் அத்தையிடம் முகம் பார்த்துப் பேசினேன். தைரியம் வரட்டும், அப்புறம் போகலாம் என்று உட்கார்ந்திருந்தால் எனக்கு அது வந்தே இருக்காது.

நோக்கியாவின் ஸ்ரீபெரும்புதூர் ஆலை 2014 நவம்பரில் நின்றது. மறைமலை நகர் ஃபோர்டில் 2022 ஜூலையில் கடைசிக் கார் வெளியே வந்தது. அங்கே இருந்தவர்களுக்கெல்லாம் தொழில் தெரியாமலா போயிற்று? இன்டர்வியூவில் ஏன் விட்டாய் என்று கேட்டால், "லைனை மூடிவிட்டார்கள்" என்று ஒரே வரியில் சொல்லிவிடு. மிச்ச நேரமெல்லாம் ஆறு வருஷம் குவாலிட்டியில் நீ பிடித்து நிறுத்திய ரிஜெக்டுகளைப் பற்றிப் பேசு.

ஐந்து வருஷம் தாண்டியதால் உனக்கு கிராஜுவிட்டி உண்டு, வருஷத்துக்கு 15 நாள் சம்பளம். கூசாமல் கேட்டு வாங்கு. அது உன் உழைப்பு. பிஎஃப்பில் பென்ஷன் பணத்தை மட்டும் எடுத்துவிடாதே. மொத்தம் 10 வருஷ சர்வீஸ் சேர்ந்தால்தான் 58 வயதில் மாதப் பென்ஷன். புது இடத்தில் அதே யுஏஎன் நம்பரைக் கொடு.

என் பழைய முதலாளியின் மகன் இப்போது சிஎன்சி மெஷின் போட்டிருக்கிறான். அளவு பார்க்க ஆள் தேடுகிறான். சம்பளம் குறைவுதான், மறைக்கவில்லை. திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் ஏறிவிடு. உன் வெர்னியரையும் எடுத்து வா. காந்திபுரத்தில் நான் நிற்கிறேன்.

அன்புடன்,
மாமா