தாங்கும் தூண் சாயும்போது

காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூரில் பயிலும் நமக்குக் கூலி நெசவு புதிதன்று. தறி நெசவாளருடையது, பட்டும் ஜரிகையும் முதலாளி தருபவை, நெய்த சேலையை விற்பவரும் அவரே. முதலாளி நொடித்துவிட்டால், தறியில் பழுதில்லாவிடினும் பாவு ஏறாது. பெரிய நிறுவனத்தைச் சார்ந்து பறக்கும் சிறிய விமான நிறுவனங்களின் நிலையும் ஏறத்தாழ இதுவேயாகும்.

1996-ல் தோன்றிய அலையன்ஸ் ஏர், பின்னாளில் ஏர் இந்தியாவின் துணை நிறுவனமாயிற்று. சுமார் 70 பேர் அமரும் ஏ.டி.ஆர். விமானங்களே அதன் வலிமை. உடான் திட்டத்தின் முதல் விமானத்தை 2017 ஏப்ரல் 27-ல் சிம்லாவிலிருந்து டில்லிக்கு இயக்கியதும் அதுவே. ஆனால் பயணச்சீட்டை விற்றது ஏர் இந்தியா. வெளிநாட்டிலிருந்து வந்திறங்குபவர் ஒரே சீட்டில் சிறிய ஊருக்குச் செல்ல முடிந்தது. சிறிய விமானத்தின் இருக்கைகளை நிரப்புவதில் இத்தகைய தொடர்பயணிகளுக்குப் பெரும் பங்குண்டு; இதைப் பலர் கவனிப்பதில்லை.

2021 ஆகஸ்ட் இறுதியில் ஏர் இந்தியாவின் கடன் 61,562 கோடி ரூபாய். 2022 ஜனவரி 27-ல் அது டாடா குழுமத்திடம் சென்றது. அலையன்ஸ் ஏர் அந்த விற்பனையில் சேராமல் அரசிடமே நின்றது. ஏப்ரல் 15 முதல் ஏர் இந்தியாவின் வழியாகச் சீட்டு விற்பதும் நின்றது. சொந்த வலைத்தளம், சொந்தத் தொலைபேசி எண் என்று தனிக்குடித்தனம் தொடங்கியது. முன்யோசனையால் பிரிந்ததாக இதைச் சொல்ல இயலாது, பிரிக்கப்பட்டது. அரசு உரிமையாளராக இருந்ததே அதற்குக் கிடைத்த நிழல்.

ஸ்காட்லாந்தின் லோகன்ஏர் கதை வேறு. பிளைபி நிறுவனத்தின் பெயரில் பறந்துவந்த அது, 2017 செப்டம்பரில் தன் பெயருக்கு மாறியது. 2020 மார்ச் 5-ல் பிளைபி வீழ்ந்தபோது, அதன் வழித்தடங்களில் 16-ஐ லோகன்ஏர் உடனே ஏற்க முன்வந்தது.

முழுச் சுமையையும் தோளில் ஏற்றிக்கொண்டது சுவிட்சர்லாந்தின் கிராஸ்ஏர். 2001 அக்டோபரில் தாய் நிறுவனமான சுவிஸ்ஏரின் விமானங்கள் தரையில் நின்றன. அதன் நெடுந்தூரச் சேவைகளையும் ஏற்று, 2002 மார்ச் 31 முதல் 'சுவிஸ்' என்ற பெயரில் கிராஸ்ஏர் பறந்தது. நஷ்டம் பெருகியது, 2005-ல் லுஃப்தான்சா அதனை வாங்க முன்வந்தது. சிறிய தறியில் பெரிய முதலாளியின் கடையையே நடத்த முயன்றதன் விளைவு என்றே எனக்குத் தோன்றுகிறது.

அலையன்ஸ் ஏர் அவ்வளவு தொலைவு போகவில்லை. பெருந்தொற்றால் 2020-ல் நின்ற சென்னை–யாழ்ப்பாணம் சேவையை 2022 டிசம்பர் 12-ல் மீண்டும் தொடங்கியது. இம்முறை சீட்டு விற்கும் பொறுப்பும் அதனுடையதே.