கார் வாங்குறதுக்கு முன்னாடி வீட்டு வாடகையைப் பாருங்க!

சம்பளம் கொஞ்சம் ஏறினதும் சொந்தக்காரங்க கேக்குற முதல் கேள்வி, "எப்போ கார் எடுக்கப் போற?" ஷோரூம்ல ஈ.எம்.ஐ. எவ்வளவுன்னு மட்டும்தான் சொல்லுவாங்க. இன்னைக்கு நாம முழுக் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம்.

சென்னை கிண்டியில வேலை பார்க்கிற ஒருத்தரை எடுத்துக்குவோம். அவருக்கு ரெண்டு வழி இருக்கு.

வழி 1: நகரத்தை விட்டுத் தள்ளி, வாடகை கம்மியான வீடு. போய்வர ஒரு கார்.

வழி 2: சைதாப்பேட்டையில ஸ்டேஷன் பக்கத்துல வீடு. வாடகை மாசம் 5,000 ரூபாய் அதிகம். கார் கிடையாது. சைதாப்பேட்டை, கிண்டி ரெண்டுலயுமே மின்சார ரயிலும் மெட்ரோவும் நிற்கும். ஒண்ணு தாமதமானா இன்னொண்ணு இருக்கு.

வழி 1 கணக்கு (உதாரணத்துக்கு)

கார் விலை ஆன்ரோடு 8 லட்சம். முன்பணம் 1 லட்சம், மீதி 7 லட்சம் கடன். 9% வட்டி, 5 வருஷம்.

- ஈ.எம்.ஐ.: சுமார் 14,500
- பெட்ரோல்: 4,000
- இன்சூரன்ஸ் (மாசக் கணக்குல): 2,000
- சர்வீஸ், டயர்: 1,500
- பார்க்கிங்: 1,500

மொத்தம் மாசம் 23,500 ரூபாய். 5 வருஷத்துல 14.1 லட்சம். முன்பணத்தையும் சேர்த்தா 15.1 லட்சம். ஆனா கடைசியில கார் நம்ம கையில இருக்கும், அதையும் கழிக்கணும். 4 லட்சத்துக்கு வித்தா நிகரச் செலவு 11.1 லட்சம்.

வழி 2 கணக்கு

- கூடுதல் வாடகை: 5,000
- ரயில், மெட்ரோ, பஸ்: 1,000
- ஆட்டோ, கேப்: 2,500
- வெளியூருக்கு வாடகை கார் (சராசரியா): 2,500

மாசம் 11,000. 5 வருஷத்துல 6.6 லட்சம். மிச்சம் 4.5 லட்சம்! வாடகை அதிகம் குடுத்தும் இவ்வளவு மிஞ்சுது.

மாநகரப் பேருந்துல 1,000 ரூபாய் மாதாந்திர பாஸ் எடுத்தா சாதாரண பஸ்கள்ல எத்தனை தடவை வேணும்னாலும் போகலாம். பெண்களுக்கு சாதாரண கட்டண நகரப் பேருந்துல 2021 மே மாசத்துல இருந்து கட்டணமே கிடையாது.

பணத்தைத் தாண்டி ஒரு விஷயம்

நாளைக்கே வேலை போச்சுன்னா என்ன ஆகும்? கேப் செலவை அன்னைக்கே நிறுத்தலாம். வாடகை கம்மியான வீட்டுக்கு மாறலாம். ஆனா ஈ.எம்.ஐ. நிக்காது. காரை வித்தாலும், ஆரம்ப வருஷங்கள்ல விக்கிற விலையைவிட பாக்கிக் கடன் அதிகமா இருக்க வாய்ப்பு உண்டு. அவசர நிதி சேர்க்காத ஒருத்தருக்கு இதுதான் பெரிய ஆபத்து.

வீடு பார்க்கும்போது

"ஸ்டேஷன் அஞ்சே நிமிஷம் சார்"னு புரோக்கர் சொல்றது பைக் கணக்கு. நீங்க நடந்து பாருங்க. ராத்திரி 9 மணிக்கு ஒரு தடவை போங்க. தெருவிளக்கு எரியுதா, நடக்க இடம் இருக்கா? மழைக்காலத்துல தண்ணி எவ்வளவு நிக்கும்னு பக்கத்துக் கடைக்காரர்கிட்ட கேளுங்க. மளிகை, மருந்துக்கடை, கிளினிக் மூணும் நடந்து போற தூரத்துல இருந்தா, பல பயணம் தானா குறையும்.

யாருக்கு இது ஒத்துவராது?

நைட் ஷிஃப்ட்ல ஆபீஸ் கேப் இல்லாதவங்க, நடக்க முடியாத அப்பா அம்மாவை அடிக்கடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறவங்க, ரயிலே இல்லாத ஏரியாவுல வேலை பார்க்கிறவங்க. இவங்களுக்கு கார் ஆடம்பரம் இல்ல, தேவை.

முடிவெடுக்க முடியலையா?

3 மாசம் ஒரு சோதனை பண்ணுங்க. சம்பளம் வந்த அன்னைக்கே 23,500 ரூபாயைத் தனிக் கணக்குக்கு மாத்துங்க. ஆட்டோ, கேப், வாடகை கார் எல்லாத்துக்கும் அதுல இருந்தே குடுங்க. கார் இல்லாம உண்மையிலேயே கஷ்டப்பட்ட நாளை மட்டும் குறிச்சு வைங்க. அந்தத் தொகையை ஒதுக்கவே திணறினா, பதில் அங்கேயே கிடைச்சிடும். சுலபமா ஒதுக்க முடிஞ்சு, குறிச்ச நாளும் நிறைய இருந்தா, தாராளமா கார் வாங்குங்க. சேர்ந்த பணம் முன்பணத்துக்கு ஆகும்!