ஒரு மிதிக்கு ஒரு அட்டை

ஆரணியில் இந்த வருஷம் சி படிக்கத் தொடங்கும் தம்பி, தங்கைகளுக்கு:

1. முதலில் தறியைப் பாருங்கள். ஜக்கார்டு தறியில் ஒரு மிதிக்கு ஒரு அட்டை திரும்பும், ஓர் ஊடை ஓடும். என்னிடம் படித்த பெண் ஒருத்தி, அப்பா நெய்யும்போது டிசைனைத் திரையில் வரிவரியாகக் காட்ட ஒரு புரோகிராம் எழுதினாள். கையில் நாடாவோடு அவர் ஒரு விசையைத் தட்டினார், திரை நகரவில்லை. மொத்தம் மூன்று முறை தட்டிப் பார்த்தார். அவள் ஓடி வந்து என்டரை அழுத்தியதும், என்டரையும் சேர்த்து நாலு வரி ஒரேயடியாகத் தாவியது. ஊடைக் கணக்கு போயிற்று.

2. விசையை வாங்கிய கெட்சார் மேல் பழி போடாதீர்கள். தட்டிய எழுத்துகளை என்டர் வரும்வரை பிடித்து வைப்பது கெர்னலில் இருக்கும் டெர்மினல் டிரைவர். தப்பாகத் தட்டியதை நீங்கள் பேக்ஸ்பேஸில் அழிக்க முடிவது அதனால்தான். செட்விபஃப் போட்டு சி நூலகத்தின் பஃபரை நிறுத்தினாலும் இந்தப் பிடி தளராது.

3. என்டருக்குக் காத்திராத கெட்ச், அதைத் தரும் கோனியோ.எச் இரண்டும் சி தரத்தில் இல்லை. 1987-ல் போர்லண்ட் கொண்டுவந்த டர்போ சி வழியாக நமக்குப் பழகியவை அவை. லினக்ஸில் அந்தக் கோப்பே கிடைக்காது.

4. லினக்ஸில் வழி டெர்மியோஸ். டிசிகெட்அட்டர் மூலம் இப்போதைய அமைப்பை வாங்குங்கள். அதை அப்படியே ஒரு மாறியில் பத்திரப்படுத்துங்கள்; இன்னொரு பிரதியில் மட்டும் கை வையுங்கள். அதில் ஐகேனான், எக்கோ இரண்டையும் அணைத்து, விமின் 1, விடைம் 0 என்று வைத்து, டிசிசெட்அட்டரால் திருப்பிக் கொடுங்கள். இனி ஒவ்வொரு தட்டும் உடனே வந்து சேரும். ஐசிக்கைத் தொடாதீர்கள், கன்ட்ரோல்-சி வேலை செய்யட்டும். டிசிகெட்அட்டர் -1 தந்தால் உள்ளீடு பைப்பிலிருந்தோ கோப்பிலிருந்தோ வரலாம். அந்தச் சோதனையை விட்டுவிடாதீர்கள்.

5. அடுத்தவர் தறியில் உட்கார்ந்து எழும்போது எல்லாவற்றையும் இருந்தபடி வைத்துவிட்டு வருவோம் இல்லையா? டெர்மினலும் இரவல்தான். பத்திரப்படுத்தியதைத் திரும்பப் போடும் ஃபங்ஷனை அட்எக்ஸிட்டில் பதியுங்கள். கன்ட்ரோல்-சியில் புரோகிராம் செத்தால் அது ஓடாது. அதற்கு சிக்னல் ஹேண்ட்லர் தனியாக வேண்டும். சில ஷெல்கள் தாமே சரிசெய்துகொள்ளும், எல்லாம் செய்யாது. தட்டுவது திரையில் தெரியாமல் போனால் பதறாதீர்கள். எஸ்டிடிஒய் சேன் என்று கண்ணை மூடிக்கொண்டு அடித்து என்டர் தட்டுங்கள், மீண்டுவிடும்.

6. கெட்சார் தருவதை இன்ட்டில் வாங்குங்கள். கேரில் வாங்கினால் இஓஎஃப் எது, எழுத்து எது என்று குழம்பும்.

7. ஒரு விசை என்றால் ஒரு பைட் என்று நம்பாதீர்கள். மேல் அம்புக்குறி பெரும்பாலும் 27, 91, 65 என மூன்றாக வரும். யுடிஎஃப்-8-ல் நம் ஊர்ப் பெயரை எண்ணிப் பாருங்கள்: ஆ 3, ர 3, ணி 6. மூன்றெழுத்து ஆரணிக்கு 12 பைட்.

முதலில் சொன்ன பெண், திரை ஒரு வரி முன்னே போக ஸ்பேஸ் பாரை வைத்தாள். தப்பிய ஊடையைப் பிரித்தால் திரையிலும் ஒரு வரி பின்னே போக வேண்டும் என்றார் அப்பா, அதற்குப் பேக்ஸ்பேஸ். அது பெரும்பாலான லினக்ஸ் டெர்மினல்களில் 127, சிலவற்றில் 8. இரண்டையும் ஏற்றுக்கொள்ளும்படி எழுதியிருக்கிறாள்.