வேறு வாசல் வழியே வீடு திரும்பும் இசை

பியானோ பயில்வோர் நன்கறிந்த சொனாட்டா, மொசார்ட்டின் கே. 545. 1788-இல் தொடக்கநிலை மாணவருக்கென அவர் இயற்றியது. அதன் முதற்பகுதியை நாம் ஆராய்வோம்.

முதல் மெட்டு சி மேஜரில் பிறக்கிறது. இரண்டாம் மெட்டு, சி-யிலிருந்து ஐந்தாம் சுரமான ஜி-யை ஆதாரமாகக் கொண்டு ஜி மேஜரில் ஒலிக்கிறது. நடுப்பகுதி ஜி மைனரில் தொடங்கி அலைகிறது. பின்பு முதல் மெட்டு திரும்புகையில், மரபுப்படி சி மேஜரை எதிர்பார்க்கிறோம். ஆனால் வருவதோ எஃப் மேஜர்! மெட்டு பழையது, சுருதி புதியது. இவ்விரண்டு மேஜர்களுக்கும் ஒரு சுரமே வேற்றுமை: பி என்பது பி ஃபிளாட் ஆகிறது. அதனால் நமக்கு வியப்பு உண்டு, அதிர்ச்சி இல்லை. இறுதியில் இரண்டாம் மெட்டு சி மேஜரில் ஒலிக்க, வீடு சேர்கிறோம்.

எளிய பாடமென்று விரல்களை மட்டும் ஓட்டினால் இவ்வியப்பை இழப்போம். நம் செவியும் கற்கட்டும்!