ஆறாம் வகுப்பில் எடுக்கும் முடிவு



"அஞ்சாவது முடிச்சாச்சு பாய், ஆறாவது எங்கே சேர்க்கலாம்?" ஏப்ரல் பிறந்தால் நம் அறக்கட்டளை அலுவலகத்தில் இந்தக் கேள்விதான். பல ஆண்டுகளாக நான் யோசிக்காமலே பதில் சொல்லி வந்தேன்: கட்ட முடிந்தால் இங்கிலீஷ் மீடியம். அந்தப் பதிலால் ஒரு பிள்ளைக்கு என்ன ஆனது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2019-ல் ஆட்டோ ஓட்டும் ஒரு சகோதரரின் மகள் அரசுப் பள்ளியில் ஆறாவது முடித்திருந்தாள். என் பேச்சைக் கேட்டு ஏழாவதுக்குத் தனியார் பள்ளியில் சேர்த்தார். முதல் வருடக் கட்டணத்தில் பாதியை நாமே கொடுத்தோம். அடுத்து கொரோனா வந்தது. கிரிவலக் கூட்டம் இல்லை, ஆட்டோவுக்கு ஓட்டமும் இல்லை. எட்டாவதோடு பிள்ளை அரசுப் பள்ளிக்கே திரும்பினாள். பன்னிரண்டாவதில் நல்ல மதிப்பெண், அல்ஹம்துலில்லாஹ். 2025-ல் கல்லூரியில் சேர்ந்து புதுமைப் பெண் திட்டத்துக்கு விண்ணப்பித்தபோதுதான் தெரிந்தது: ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது விதி. அவளுக்கு இரண்டு வருடம் குறைந்தது. மாதம் 1,000 ரூபாய் என்றால் மூன்றாண்டுப் படிப்புக்கு 36,000 ரூபாய். திட்டம் தொடங்கியதே 2022 செப்டம்பரில்தான். 2019-ல் யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை. ஆனாலும் அந்தத் தந்தை என்னிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை என்பது இன்றும் உறுத்துகிறது. இன்று விதி எழுத்தில் இருக்கிறது. இனி நம் வீட்டுப் பிள்ளை எதுவும் தெரியாமல் இழக்கக் கூடாது.

பள்ளிகளை மூன்று வகையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். அரசே நடத்துவது ஒன்று. தனியார் நிர்வாகம் நடத்த, ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுப்பது இரண்டாவது. இதுதான் அரசு உதவி பெறும் பள்ளி. கட்டணத்தை மட்டுமே நம்பி நடக்கும் சுயநிதிப் பள்ளி மூன்றாவது. பலர் இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்த்து 'பிரைவேட்' என்று ஒரே பெயரில் அழைக்கிறார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020-ல் வந்தது. 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற படிப்புகளுக்கும் நீட்டித்தார்கள். இதில் இடம் பெறுபவரின் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கிறது. இந்த 7.5 சதவீதத்துக்குள்ளும் சமூக வாரியான ஒதுக்கீடு உண்டு. நமக்கு 2007-ல் கிடைத்த 3.5 சதவீதம் அங்கேயும் செல்லும். ஆனால் உதவி பெறும் பள்ளி மாணவருக்கு இந்த 7.5 கிடையாது.

உதவி பெறும் பள்ளிக்கு வேறு பலன்கள் உண்டு. பாடநூல், மதிய உணவு இரண்டும் உண்டு. காலை உணவுத் திட்டம் 2024 ஜூலையில் கிராமப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கும், 2025 ஆகஸ்டில் நகர்ப்புறத்துக்கும் வந்துவிட்டது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை. ஹலால் பற்றித் தயங்கும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை: காலையில் போடுவது உப்புமா, கிச்சடி, பொங்கல், சாம்பார். ஆண் பிள்ளைகளுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டமும், 2024 டிசம்பர் முதல் புதுமைப் பெண் திட்டமும் உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. 'தமிழ் வழி' என்பதைக் கவனியுங்கள். ஒரே வளாகத்தில் உதவி பெறும் பிரிவும் ஆங்கில வழிச் சுயநிதிப் பிரிவும் இருப்பது உண்டு. பிள்ளை எந்தப் பிரிவில் சேர்கிறது என்று பணம் கட்டும் முன்பே கேட்டு, ரசீதில் பார்த்துக் கொள்ளுங்கள்.

"நாமே ஒரு பள்ளி தொடங்கி அரசு மானியம் வாங்கலாமே" என்று ஜமாஅத்தில் இளைஞர்கள் கேட்கிறார்கள். நல்ல எண்ணம். பள்ளி நடத்தும் உரிமையை அரசியல் சட்டத்தின் 30-வது பிரிவு தருகிறது. மானியம் தரும்போது சிறுபான்மைப் பள்ளி என்பதற்காகப் பாகுபாடு காட்டக் கூடாது என்றும் சொல்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் 1991-92 முதல் தொடங்கிய பள்ளிகளுக்கு மானியம் இல்லை என்பது எல்லோருக்கும் பொதுவான சட்டம். ஆகவே அந்தக் கணக்கில் திட்டம் போட வேண்டாம்.

தனியார் பள்ளிதான் வேண்டும் என்று உறுதியாக இருப்பவர்களுக்குக் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடம் ஒரு வழி. எல்.கே.ஜி. அல்லது ஒன்றாம் வகுப்பில் நுழைய வேண்டும். எட்டாவது வரை கட்டணம் இல்லை. இந்த வழியில் எட்டாவது முடித்து, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் 7.5 சதவீதமும் புதுமைப் பெண் திட்டமும் கிடைக்கும். பணம் கட்டிப் படித்த பிள்ளைக்கு இது பொருந்தாது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளை 2014-ல் உச்ச நீதிமன்றம் இச்சட்டத்திலிருந்து விலக்கிவிட்டதால் அங்கே போய்க் கேட்டுப் பயனில்லை.

சாதிச் சான்றையும் இப்போதே எடுத்து வையுங்கள். பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் பட்டியலில் தெக்கானி, லெப்பை, ஷேக், சையத் என ஏழு பிரிவுகள் உள்ளன. சான்றில் 'இஸ்லாம்' என்று மட்டும் இருந்தால் 3.5 சதவீதத்தில் சேர்க்க மாட்டார்கள்.

சில குடும்பங்களுக்கு வேறொரு தயக்கம். "இலவசம் வாங்கறது ஸதகா வாங்கற மாதிரி இல்லையா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். பத்ருப் போரை அவருக்கு நினைவூட்டினேன். கைதிகளை மீட்கப் பணம் கட்ட வேண்டியிருந்தது. பணம் இல்லாத, எழுதப் படிக்கத் தெரிந்த கைதிகள் மதீனாப் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக் கொடுத்தால் போதும் என்று நபி (ஸல்) அவர்கள் விடுவித்தார்கள். மீட்புப் பணத்தை விட்டுக் கொடுத்துக் கல்வியை வாங்கிய செயல் அது. கற்பித்தவர்களோ முஸ்லிம்கள் அல்லர். மதீனாவின் எந்தப் பெற்றோரும் அதை ஸதகா என்று எண்ணித் தள்ளவில்லை. நாமும் சோப்பு வாங்கும்போதுகூட வரி கட்டுகிறோம். ஜகாத்துக்கு உரியவர் யார் என்ற சட்டம் இங்கே வராது.

அரசுப் பள்ளியில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆசிரியர் பணியிடம் காலி, கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லை என்று வரும் புகார்கள் பலவும் உண்மை. அதற்குத்தான் பள்ளி மேலாண்மைக் குழு. சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், உறுப்பினரில் பாதிப் பேர் பெண்கள். பள்ளிக்கு என்ன தேவை என்ற திட்டத்தைத் தயாரிப்பதும் அவர்களே. கூட்டம் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை பிற்பகலில் வருகிறது. ஜும்ஆ முடிந்து வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடாமல் நேரே பள்ளிக்குப் போகலாம். தாய்மார்கள் அவசியம் போக வேண்டும்.

இந்த ஆண்டு ஐந்தாவது முடிக்கும் பிள்ளை இருக்கும் வீடுகள், மாற்றுச் சான்றிதழ் வாங்குவதற்கு முன் ஒருமுறை அலுவலகத்துக்கு வாருங்கள். பிள்ளையின் ஆதார், சாதிச் சான்று, வருமானச் சான்று மூன்றும் கையில் இருக்கட்டும். இன்ஷா அல்லாஹ், இம்முறை யோசித்தே பதில் சொல்கிறேன்.